இடப்பக்கத்து நரம்புகள்

அன்பு மகனுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் நலமாக இருக்கிறோம். இந்த வரியை எல்லாக் கடிதத்திலும் கை போன போக்கில் எழுதிவிடுவேன், இந்த முறை ரிப்போர்ட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, டாக்டரிடம் இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டு எழுதுகிறேன். அங்கே நீயும் மருமகளும் என் வாலுப் பேத்தியும் இதே அளவு நலமாக இருக்க வேண்டும். உன் நலத்துக்கு மட்டும் நானும் ஒரு ரிப்போர்ட் கேட்கப்போகிறேன், அது கடைசியில். முதலில் உட்கார்ந்துகொள். நின்றபடியே ஒரு காலை மடக்கிக்கொண்டு கொக்கு மாதிரி படிக்கிற பழக்கம் உனக்குப் பள்ளிக்கூட நாளிலிருந்தே உண்டு. உட்கார்ந்துவிட்டாயா, சரி. போன இரண்டு மாதமாக நீ போன் செய்தபோதெல்லாம் அப்பாவுக்குச் சளி, தொண்டை கட்டியிருக்கிறது, இப்போதுதான் கண் அசந்தார் என்று உன் அம்மா சொன்னாளே, அத்தனையும் பொய், சொல்லச் சொன்னவன் நான். ஆறு வாரத்துக்கு முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் எனக்கு ஆபரேஷன் நடந்தது. சிறுநீர்ப்பைக்குக் கீழே ஆண்களுக்கு மட்டும் ஒரு சின்ன எலுமிச்சை அளவில் புராஸ்டேட் என்று ஒரு சுரப்பி இருக்கிறது. அதில் புற்றுநோய் வந்திருந்தது. சுரப்பியை முழுசாக எடுத்துவிட்டார்கள், நோயும் அதோடு போய்விட்டது. மிச்சத்தைப் படிக்கும்முன் இந்தக் கடைசி வரியை இன்னொரு தரம் படித்துக்கொள்.

கோபம் வரும், வரட்டும். நீ புது வேலையில் சேர்ந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை, சொன்னால் அடுத்த விமானத்தில் வந்து நிற்பாய். வந்தும் என்ன ஆகப்போகிறது, நீ எட்டாம் வகுப்பில் இருந்தபோது என் விரலில் கம்பி கிழித்து ரத்தம் வந்ததற்கு மயங்கி விழுந்தவன்தானே, உன்னைத் தூக்கிக்கொண்டு போய்த் தண்ணீர் தெளித்தது நான், விரல் கிழிந்ததும் எனக்கு. அங்கே ஆஸ்பத்திரி வராந்தாவில் என்னைப் பார்ப்பதா உன்னைப் பார்ப்பதா என்று உன் அம்மா திண்டாடியிருப்பாள். இதெல்லாம் காரணம் என்று நான் சொல்லிக்கொள்கிறேன். உண்மையான காரணம் வெட்கம். அந்த வெட்கம் செய்த வேலையைத்தான் இந்தக் கடிதத்தில் எழுத வருகிறேன்.

கதை எங்கே ஆரம்பித்தது என்றால், கடைத்தெருவில் எந்தக் கடைக்காரர் கழிப்பறைச் சாவியைக் கொடுப்பார் என்பது எனக்கு மனப்பாடம் ஆனதில் ஆரம்பித்தது. மருந்துக்கடைக்காரர் கொடுப்பார், செருப்புக்கடைக்காரர் சிரித்துக்கொண்டே கொடுப்பார், பாங்கில் கொடுக்க மாட்டார்கள். இவர் எதற்கு வாரத்துக்கு மூன்று தரம் செருப்புக்கடைக்குப் போகிறார், வெறுங்கையோடு வருகிறார் என்று உன் அம்மாவுக்குச் சந்தேகம் வந்து, விசாரித்து, அடுத்த நாளே டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். அவர் பார்த்துவிட்டு, வயதானால் அந்தச் சுரப்பி வீங்குவது சகஜம், மாத்திரையில் சரியாகும் என்றார். எதற்கும் ஒரு ரத்தப் பரிசோதனை என்று எழுதிக் கொடுத்தார். அதில் அந்தச் சுரப்பிக்கென்று ஒரு எண் வருமாம், அது இருக்க வேண்டியதைவிட நாலு மடங்கு இருந்தது. அப்புறம் ஸ்கேன், அப்புறம் ஊசியால் பன்னிரண்டு இடத்தில் துளித் துளியாகக் கிள்ளி எடுத்துப் பார்த்தார்கள், நாலில் இருந்தது, நாலும் இடப்பக்கம். என்னைச் செருப்புக்கடைக்கு ஓடவைத்தது சாதாரண வீக்கம்தானாம். இந்த நோய் ஒரு மூலையில் வலியில்லாமல், சத்தமில்லாமல், தன் பாட்டுக்கு உட்கார்ந்திருந்திருக்கிறது. அன்று வீட்டுக்கு நடந்து வந்தபோது தெருவே தண்ணீருக்கு அடியில் இருப்பது மாதிரி இருந்தது. ஆட்கள் மெதுவாக நடந்தார்கள், ஒரு சைக்கிள் மணி எங்கோ தூரத்தில் கேட்டது, பார்த்தால் பக்கத்தில்தான் போகிறது. உன் அம்மா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள், அந்தப் பிடி மட்டும்தான் நிஜம் போலிருந்தது.

ஆபரேஷன் செய்கிற டாக்டர் ஒரு பெண். உன் வயதுதான் இருக்கும், சின்னக் கைகள், நகத்தை ஒட்ட வெட்டியிருந்தார், எதைச் சொன்னாலும் நாளைக்கு மழை வரும் என்று சொல்வது மாதிரி சொல்கிறார். நான் முதல்முறை அவர் அறையில் உட்கார்ந்திருந்தபோது உன் அம்மா ஸ்கேன் படத்தை வாங்க இரண்டாவது மாடிக்குப் போயிருந்தாள். மேசைமேல் இடுப்புக்குள் இருக்கிறதெல்லாம் தெரிகிற பிளாஸ்டிக் பொம்மை ஒன்று. டாக்டரம்மா அதைக் கழற்றிக் காட்டினார். சுரப்பியின் இரண்டு பக்கமும் ஈரத்தாள் ஒட்டினது மாதிரி மெல்லிய நரம்புக் கற்றைகள் படிந்து ஓடுகின்றன, ஆணின் விறைப்பு அவற்றை நம்பித்தான் இருக்கிறது, ரோபோவின் கையால் செய்யும்போது அவற்றை உரித்து ஒதுக்கிவிட்டுச் சுரப்பியை மட்டும் எடுக்கப் பார்க்கலாம், எவ்வளவு காப்பாற்றலாம் என்பது நோய் எங்கே நிற்கிறது என்பதையும் பொறுத்தது, "இப்ப உங்களுக்கு எப்படி இருக்கு, அது உங்களுக்கு எவ்வளவு முக்கியம், அதை வெச்சுத்தான் நான் திட்டம் போடணும் சார்" என்றார். ஜன்னலுக்கு வெளியே ஒரு டிரைவர் வெள்ளைக் கார் ஒன்றைக் கழுவிக்கொண்டிருந்தார், அவரையே பார்த்தபடி, "அதெல்லாம் எப்பவோ முடிஞ்சுபோன கதை டாக்டர், எதையும் மிச்சம் வைக்க வேண்டாம், சுத்தமா எடுத்துடுங்க" என்று சொல்லிவிட்டேன். வீட்டில் கேட்டுவிட்டீர்களா என்றார். அவளும் இதையேதான் சொல்வாள் என்றேன். அவர் எழுதிக்கொண்டார். உன் அம்மா மூச்சு வாங்கப் படி இறங்கி வந்து, என்ன சொன்னார்கள் என்று கேட்டதற்கு எல்லாம் பேசி முடித்தாயிற்று என்றேன்.

அது வெட்கம் மட்டும் இல்லை, உன்னிடம் மறைப்பானேன், பயமும்தான். உயிரைக் கேட்கிற இடத்தில் இன்னொன்றையும் சேர்த்துக் கேட்டால் பேராசை ஆகிவிடுமோ, இரண்டும் போய்விடுமோ என்று கணக்குப் போட்டேன். நான் ஒன்றை விட்டுக்கொடுத்தால் இன்னொன்றைப் பத்திரமாகத் திருப்பித் தருவார்கள் என்று யாரோ பேரம் பேசின மாதிரி. யாரும் பேசவில்லை, நானே பேசி நானே தலையாட்டிக்கொண்டேன். விட்டுக்கொடுத்தது என்னுடையது மட்டும்தானா என்று அந்த நேரத்தில் தோன்றவே இல்லை, அதுதான் அதிசயம்.

ஆபரேஷனுக்கு ஒரு வாரம் முன்னால் கூப்பிட்டு, ஒரு பெரிய நர்ஸம்மா எங்கள் இருவரையும் உட்காரவைத்துப் படிவத்தை வரி வரியாக விரல் வைத்து வாசித்தார், பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவேடு வாசிக்கிற குரல். சர்க்கரை இல்லை, மருந்து ஒவ்வாமை இல்லை, பல்செட் இல்லை என்று வந்துகொண்டே இருந்தது, நடுவில் அதே குரலில், நரம்புகளைப் பாதுகாக்கத் தேவையில்லை, நோயாளியும் துணைவியாரும் எடுத்த முடிவு என்றார். உன் அம்மா கையைத் தூக்கினாள். "துணைவியார்னா நான்தானே?" என்றாள். ஆமாம் என்றார் நர்ஸம்மா. "நான் எப்பம்மா முடிவெடுத்தேன்?" என்றாள். நர்ஸம்மா கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். நான் மூலையில் இருந்த எடை பார்க்கும் இயந்திரத்தை, அது எந்த ஊரில் செய்தது என்று ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தேன்.

பஸ்ஸில் ஏழு நிறுத்தம் அவள் வாயைத் திறக்கவில்லை. திட்டினால் பதில் சொல்லிவிடலாம், உனக்குத்தான் தெரியுமே, அவள் பேசாமல் இருந்தால் எனக்குக் கையும் ஓடாது காலும் ஓடாது. வீட்டுக்கு வந்து பையை வைத்து, பட்டப்பகலில் சமையலறை விளக்கைப் போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். "நாற்பத்து மூணு வருஷத்துல ஜன்னலுக்கு என்ன கலர் அடிக்கலாம்னுகூட என்னைக் கேட்டிருக்கீங்க. இதை மட்டும் ஏங்க கேக்கல?" என்றாள். உடம்பு என்னுடையதுதானே என்று முனகினேன். "உடம்பு உங்களுது. அந்தப் பொண்ணுகிட்ட சொன்னீங்களே பதில், அதுல பாதி என்னோடது" என்றாள். அதற்கு அப்புறம் அவள் சொன்னதைக் கேட்டு எனக்குக் கண் நிறைந்துவிட்டது, அதை அப்படியே இங்கே எழுதியிருந்தேன். கறுப்பாக மை பூசியிருக்கிற இரண்டு வரி அதுதான், பூசியது உன் அம்மா, இதைப் பின்னால் ஓரத்தில் எழுதிச் சேர்க்கிறேன், வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்காதே, அவளுக்குத் தெரிந்துவிடும்.

அவள் அதோடும் விடவில்லை, என்னுடைய தொழிலைக் கொண்டுவந்து என் முன்னாலேயே போட்டாள். நான் டெலிபோன் கேபிள் இணைக்கிற வேலையில் இருந்தபோது நடந்த அந்தக் கதை உனக்கும் தெரியும், சாப்பிட உட்காரும்போதெல்லாம் சொல்லி உன்னை அறுத்திருக்கிறேன். ஒரு கேபிளில் நூற்றுக்கணக்கில் ஜோடிக் கம்பிகள், ஒவ்வொரு ஜோடியும் ஒரு வீடு. எந்த ஜோடியை வெட்டுவதற்கு முன்னாலும் கையிலிருக்கிற சின்ன போனை அதில் கிளிப்பால் மாட்டிக் காதில் வைக்க வேண்டும், யாராவது பேசிக்கொண்டிருந்தால் அதை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போக வேண்டும், அவர்கள் முடித்த பிறகுதான் அதற்குத் திரும்பி வரலாம். சட்டத்தில் எழுதியிருக்கிறதோ இல்லையோ, எங்கள் ஆட்கள் யாரும் இதை மீற மாட்டார்கள். ஒரு மழைநாளில் குழிக்குள் தண்ணீர் ஏற ஏற நான் அவசரப்பட்டேன். மாட்டினேன், ஒரு பெண்ணின் குரல், "நான் என்ன சொல்ல வந்தேன்னா" என்றது. காது கேட்டது, கை நிற்கவில்லை. வெட்டிவிட்டேன். பத்து நிமிஷத்தில் இணைத்துக் கொடுத்தேன், ஆனால் லைனில் யாரும் இல்லை. அந்தப் பெண் என்ன சொல்ல வந்தாள், யாரிடம், திரும்பக் கூப்பிட்டுச் சொன்னாளா என்று எத்தனை வருஷமாக எனக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. உன் அம்மா சொன்னாள், "அங்கயாவது காதுல வெச்சுக் கேட்டுட்டு வெட்டினீங்க. எனக்கு அதுகூடக் கிடையாது." மன்னித்துவிடு என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். கையை இழுத்துக்கொள்ளவில்லை, பிடித்துக்கொள்ளவும் இல்லை, டீ போட எழுந்து போனாள்.

மறுநாள் இருவருமாக டாக்டரம்மாவிடம் போனோம். அவர் முகத்தில் ஆச்சரியமே இல்லை. இப்படித் திரும்பி வருகிற ஜோடிகளைப் பார்த்திருப்பார் போல. அவர் மறைக்காமல் சொன்னார். வலப்பக்கம் சுத்தம், அந்த நரம்பை முழுசாக உரித்துக் காப்பாற்றலாம். இடப்பக்கம்தான் சிக்கல், ஸ்கேனில் நோய் சுரப்பியின் விளிம்பைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது, அங்கே நரம்புக்கு ஆசைப்பட்டால் நோயில் ஒரு துளி உள்ளே தங்கிவிடலாம். அதனால் இடப்பக்கம் முடிந்தவரை ஒதுக்கிவிட்டு, எடுத்ததன் ஓரத்தைச் சீவி நான் மேசையில் படுத்திருக்கும்போதே ஆய்வகத்துக்கு அனுப்புவாராம், ஓரம் சுத்தம் என்று பதில் வந்தால் நரம்பை விட்டுவிடுவார், இல்லையென்றால் அந்த இடத்தையும் எடுத்துவிடுவார். நரம்புக்குப் பக்கத்தில் சூடு போட்டு ரத்தத்தை நிறுத்த மாட்டோம், சூடு பட்டால் நரம்பு செத்துவிடும், வெறும் கத்தரியும் கிளிப்பும்தான் என்றார். எனக்கு அது உடனே புரிந்தது, பழைய கேபிளில் இணைப்பை மூட ஊதுவிளக்கு பிடிக்கும்போது சூடு கொஞ்சம் கூடினால் உள்ளே கம்பிமேல் இருக்கிற காகிதச் சுற்று கருகிவிடும். உன் அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "முதல்ல ஆள் எனக்கு வேணும் டாக்டர், நரம்பைப் பிடிக்கப்போய் இவரைக் கோட்டை விட்டுடாதீங்க. ஆனா வேணாம்னு இவர் சொன்னார்னு சும்மா தூக்கியும் போட்டுடாதீங்க" என்றாள். டாக்டரம்மா அப்போதுதான் சிரித்தார். புதுப் படிவம் எழுதினார்கள். என் கையெழுத்து ஒன்றே போதும் என்றார் நர்ஸம்மா, உன் அம்மா பேனாவை வாங்கி என் பெயருக்குக் கீழே தன் பெயரையும் எழுதினாள். கல்யாணப் பதிவில்கூட அவ்வளவு அழுத்தி எழுதினதாக நினைவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை படுக்கையோடு தள்ளிக்கொண்டு போனார்கள். கூரை விளக்குகள் ஒவ்வொன்றாக என்மேல் வந்து கடந்து போயின. அறைக்குள் அந்த ரோபோ நின்றது, நாலு கைகளிலும் பிளாஸ்டிக் உறை மாட்டி, வெள்ளையடிக்கும்போது மூடி வைக்கிற நாற்காலி மேசை மாதிரி. பயமாக இருக்கும் என்று நினைத்தேன், பாவமாகத்தான் இருந்தது. அதற்குத் தானாக ஒன்றும் தெரியாது, டாக்டரம்மா மூலையில் ஒரு பெட்டிக்குள் முகத்தை வைத்துக்கொண்டு விரலை அசைத்தால் அது அசையும், அவ்வளவுதான். அவர் உள்ளே வந்து, செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, வெறும் காலுறையோடு போய் அங்கே உட்கார்ந்தார். காலால் மிதிக்கிற கட்டைகள் இருக்கின்றன, பாதத்துக்குத் தெரிய வேண்டுமாம். யாரோ ஒரு வீட்டுக்குள் வருகிற மாதிரி இருந்தது எனக்கு, அந்த நிமிஷத்தில் பயம் விட்டது. மயக்க மருந்துக்காரர் எண்ணச் சொன்னார். எனக்கு எண்ணத் தெரிந்தது கேபிள் ஜோடிகளின் நிற வரிசைதானே, வெள்ளை நீலம், வெள்ளை ஆரஞ்சு, வெள்ளை பச்சை, வெள்ளை பழுப்பு, வெள்ளை சாம்பல், சிவப்பு நீலம். அதற்குமேல் இல்லை.

மயக்கத்தில் கனவு வராது என்று மயக்க மருந்துக்காரர் அடித்துச் சொல்கிறார். வந்தது என்று நான் சொல்கிறேன். விழிக்கும்போது வந்ததாகவே இருக்கட்டும், எனக்கென்ன. நான் ஒரு மேன்ஹோலுக்குள் இருந்தேன். தண்ணீர் இல்லை, சேறு இல்லை, காலை வெயில் மூடி வழியாக வட்டமாக விழுந்திருந்தது, உட்கார நாற்காலிகூட இருந்தது. என் முன்னால் கேபிள் திறந்து கிடந்தது, எத்தனை ஆயிரம் ஜோடியோ, எல்லா நிறமும். ஒவ்வொன்றாக மாட்டிக் கேட்டேன். ஒன்றில் நீ ஏழாம் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தாய், ஏழு எட்டில் வந்து நின்றுவிட்டாய், வழக்கம்போல. ஒன்றில் உன் அம்மா குடை எங்கே குடை எங்கே என்று வீடெல்லாம் தேடினாள். ஒன்றில் யாரும் பேசவில்லை, மூச்சு மட்டும் கேட்டது, அது யார் மூச்சு என்று எனக்குத் தெரிந்த மாதிரி இருந்தது. இன்னொன்றில் அந்தப் பெண் இருந்தாள், "நான் என்ன சொல்ல வந்தேன்னா" என்றாள். என் கையில் கட்டிங் பிளேயர் இருந்தது, அதைக் கீழே வைத்தேன். அவசரமே இல்லை. அவள் யோசிக்கிறாள் போலிருந்தது, யோசிக்கட்டும் என்று காதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வெயில் வட்டம் மெதுவாகத் தரையில் நகர்ந்து என் காலுக்கு வந்தது. அப்போது ரொம்பப் பக்கத்தில் ஒரு குரல், என்னங்க, கண்ணைத் தொறங்க என்றது, உன் அம்மா.

நான் உள்ளே கிடந்த நாலு மணி நேரம் அவள் வெளியே நீல நாற்காலியில் உட்கார்ந்திருந்தாளாம். நடுவில் ஒரு உதவி டாக்டர் வந்து, இடப்பக்கத்து ஓரத்தில் முதல் சீவல் சுத்தமாக இல்லை, நரம்பில் பாதியை எடுக்க வேண்டியிருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். அவளைக் கேட்க வரவில்லை, முடிவு ஏற்கெனவே படிவத்தில் இருந்தது, சொல்லத்தான் வந்தார். சரி, ஆள் வந்தால் போதும் என்று மனசுக்குள் சொன்னாளாம். சொல்லிவிட்டு அழுதாளாம். அதை ஒரு வாரம் கழித்துத்தான் என்னிடம் சொன்னாள். முடிந்ததும் டாக்டரம்மா வந்து ஒரு தாளில் படம் போட்டுக் காட்டியிருக்கிறார், வலப்பக்கம் முழுக்கோடு, இடப்பக்கம் பாதிக்கோடு. அந்தத் தாளை நாலாக மடித்துத் தன் கைப்பையில் வைத்திருக்கிறாள், அடையாள அட்டைக்குப் பின்னால். நான் பார்த்தது அவளுக்குத் தெரியாது, இதை வாசித்தால் தெரிந்துவிடும், பரவாயில்லை.

வயிற்றில் ஆறு சின்னத் துளை, இப்போது ஆறு சின்னக் கோடு. எட்டு நாள் சிறுநீருக்கு ஒரு குழாயும் பையும். பையைத் துணிப்பைக்குள் போட்டுக் கையில் மாட்டிக்கொண்டு வராந்தாவில் நடந்தேன், ஏதோ கடைக்குக் கிளம்பினவன்போல். குழாயை எடுத்த பிறகு சிரித்தால் ஒரு சொட்டு, தும்மினால் நாலு சொட்டு, அதற்காக உள்ளே பஞ்சு வைத்துக்கொள்கிறேன். நாளுக்கு நாள் குறைகிறது. அடக்கிப் பிடித்து விடுகிற பயிற்சி ஒன்று கொடுத்திருக்கிறார்கள், யாருக்கும் தெரியாமல் எங்கே வேண்டுமானாலும் செய்யலாம் என்றார்கள், உன் அம்மாவுக்கு மட்டும் என் முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிடுகிறது, ஆரம்பிச்சாச்சா என்கிறாள். எடுத்த சுரப்பியைச் சோதித்து வந்த ரிப்போர்ட்டில் ஓரமெல்லாம் சுத்தம். போன வாரம் எடுத்த ரத்தத்தில் அந்த எண் இல்லை என்றே சொல்லிவிடலாம். இன்னும் சில வருஷம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, ஆறு மாதத்துக்கு ஒருமுறை என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

நரம்பைப் பற்றியும் கேட்பாய், கேட்க வெட்கப்படுவாய், நானே சொல்கிறேன். இப்போதைக்கு லைன் அமைதியாக இருக்கிறது. தொட்டு ஒதுக்கினதிலேயே நரம்பு அசந்து தூங்கிப்போகுமாம், எழுந்திருக்க மாதக்கணக்கு ஆகும், ஒன்றரை வருஷம்கூட ஆகலாம், முழுசாக எழுந்திருக்காமலும் போகலாம். மாத்திரை தந்திருக்கிறார்கள். வலப்பக்கம் அறுபடவில்லை, காத்திருங்கள் என்கிறார் டாக்டரம்மா. காத்திருக்க எனக்குத் தெரியும். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு ஜன்னல் திரையை இழுத்துவிட்டுப் படுத்துக்கொள்கிறோம். கீழ்வீட்டுத் தையற்காரரின் மிஷின் ஓடி ஓடி நிற்கும், திரையில் மரத்து நிழல் அசையும், எது தூக்கம் எது விழிப்பு என்று தெரியாத ஒரு நேரம் அது. உன் அம்மா கையை என் வயிற்றின் கோடுகள்மேல் வைத்துக்கொள்வாள். அவள் இத்தனை வருஷத்தில் சொல்லாத சின்னச் சின்ன விஷயங்களைச் சொல்கிறாள், நான் கேட்கிறேன். நான் அவளைப் பெண் பார்க்கப் போன அன்று என் சட்டைப் பொத்தான் ஒன்று மாறிப் போட்டிருந்ததாம், சொன்னால் எங்கே வெட்கப்பட்டு எழுந்து போய்விடுவேனோ என்று வாயை மூடிக்கொண்டிருந்தாளாம். உன் அம்மாவை எனக்கு ரொம்பப் பிடிக்கும் என்பதை மகனுக்கு எழுதலாமா என்று தெரியவில்லை. எழுதிவிட்டேன், இருக்கட்டும்.

மற்ற விஷயம், துணி துவைக்கிற மிஷின் பழையபடி குதிக்க ஆரம்பித்துவிட்டது, அதன் காலுக்கடியில் அட்டை வைத்திருக்கிறேன். உன் அறை ஜன்னலில் ஒரு குருவி கூடு கட்டப் பார்க்கிறது, உன் அம்மா ஜன்னலைத் திறக்கவே விடுவதில்லை. செருப்புக்கடைக்காரர் நான் ஏன் வருவதில்லை என்று ஆள் மேல் ஆள் விட்டு விசாரித்தார், நேற்று போய் நிஜமாகவே ஒரு ஜோடி செருப்பு வாங்கிக்கொண்டு வந்தேன், மனுஷன் அசந்துபோனார். நீ தண்ணீர் குடி, நாள் முழுக்க நாற்காலியில் ஒட்டிக்கொண்டு உட்காராதே. மருமகள் பேசும்போது போனைப் பார்த்துக்கொண்டே உம் கொட்டுகிறாய் என்று பேத்தி என்னிடம் வத்தி வைத்தாள், அவள் சொன்னாள் என்று அவளைத் திட்டாதே. உங்கள் இருவருக்கும் சேர்ந்த எதையும் நீ ஒருவனாகத் தீர்த்துவைக்காதே, அது அவள் நல்லதுக்கு என்று உனக்குத் தோன்றினாலும் சரி.

இந்தக் கடிதத்தை ஒட்டும் முன்னால் உன் அம்மாவைப் பக்கத்தில் உட்காரவைத்து முழுசாக வாசித்துக் காட்டினேன், எழுதலாமா என்று கேட்டேன். அவள் அந்த இரண்டு வரியை மட்டும் அடித்தாள், மற்றதெல்லாம் போகட்டும் என்றாள். போனில் உன்னிடம் சளி என்று சொன்ன ஒவ்வொரு தடவையும் அவளுக்குப் பொறுக்கவில்லையாம், இனிமேல் எனக்காகப் பொய் சொல்ல மாட்டாளாம், அதையும் எழுதச் சொன்னாள். மருமகளுக்கு எங்கள் ஆசி, பேத்திக்கு முத்தம். நீங்கள் மூவரும் ஒருவர் சொல்வதை ஒருவர் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டு நெடுங்காலம் சிரிப்பும் சண்டையுமாக இருக்க வேண்டும்.

உனக்கு நாற்பத்தொன்று. அப்பாவுக்கு வந்திருந்தால் மகன் நாற்பதிலேயே அந்த ரத்தப் பரிசோதனையை ஆரம்பித்துவிட வேண்டும் என்று டாக்டரம்மா என் முகத்தைப் பார்த்துச் சொன்னார். ஊசியைப் பார்க்காதே, தலையைத் திருப்பிக்கொள், மருமகளைப் பக்கத்தில் நிற்கச் சொல். இதைத்தான் முதல் வரியிலேயே எழுதியிருக்க வேண்டும், எங்கெங்கோ சுற்றிவிட்டேன். நான் என்ன சொல்ல வந்தேன் என்றால், நீ எனக்கு வேண்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா